லாரிக்குக் காற்றுக் கருவி மாட்டினால் இழுவை கூடுமா?

டீசல் இன்ஜினுக்குள் காற்று போகும் பாதையில் ஏதாவது ஒரு துணைக்கருவியைச் சேர்த்தால் லாரியின் இழுவை கூடும், டீசலும் மிச்சமாகும் என்பது உதிரிபாகச் சந்தையில் பல ஆண்டுகளாகச் சொல்லப்பட்டு வருவது. கருவிகள் பலவிதம். காற்றைச் சுழற்றி அனுப்பும் விசிறி போன்ற தகடு, எண்ணெய் தடவிய பருத்தி ஃபில்டர், பெட்டியே இல்லாமல் திறந்தபடி மாட்டும் கூம்பு ஃபில்டர், குளிர்ந்த காற்றைக் கொண்டுவரும் தனிக் குழாய், பேட்டரியில் சுழலும் ‘எலெக்ட்ரிக் டர்போ’ என்று பட்டியல் நீளும். எல்லாவற்றுக்கும் சொல்லப்படும் காரணம் ஒன்றுதான்: இன்ஜின் காற்று போதாமல் திணறுகிறது, காற்றைக் கூட்டினால் பவர் கூடும்.

காஞ்சிபுரம் மாவட்டத்தில் இந்தக் கேள்விக்குத் தனி முக்கியத்துவம் உண்டு. உத்திரமேரூர், வாலாஜாபாத் வட்டாரங்களில் கல்குவாரிகளும் கிரஷர்களும் நிறைய. ஜல்லியும் எம்-சாண்டும் ஏற்றிய டிப்பர்களும் டாரஸ் லாரிகளும் ஓயாமல் ஓடுகிற பகுதி இது. புள்ளலூர் போன்ற கிராமங்களில் வீட்டுக்கு ஒரு லோடு ஜல்லி வந்து இறங்குவதும் இந்த வண்டிகளில்தான். குவாரிப் பள்ளத்திலிருந்து முழு லோடுடன் மேலேறும் வண்டிக்கு இழுவை வேண்டும். அதே வண்டி நாள் முழுவதும் கல்தூசிக்குள்தான் ஓடுகிறது. காற்றுப் பாதையில் எதை மாற்றினாலும் இந்த இரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டியிருக்கிறது.

டீசல் இன்ஜினில் பவர் எங்கிருந்து வருகிறது என்பதைப் பார்த்தால் பாதிக் கேள்விக்கு விடை கிடைத்துவிடும். பெட்ரோல் இன்ஜினில் ஆக்சிலரேட்டரை மிதித்தால் காற்று போகும் வழி திறக்கிறது. வந்த காற்றின் அளவுக்கு ஏற்ப பெட்ரோல் சேர்கிறது. டீசல் இன்ஜினில் அப்படியில்லை. காற்று எப்போதும் தடையின்றி உள்ளே வருகிறது. ஆக்சிலரேட்டர் கூட்டுவதும் குறைப்பதும் டீசலைத்தான். ஒரு கிலோ டீசல் முழுதாக எரிய சுமார் 14.5 கிலோ காற்று போதும். ஆனால் டீசல் இன்ஜின் முழு லோடில்கூட அதைவிடக் கூடுதலான காற்றோடுதான் ஓடும்படி வடிவமைக்கப்படுகிறது. காற்று மிச்சம் இல்லாவிட்டால் டீசல் சரியாக எரியாமல் கரும்புகையாக வெளியேறும். லோடு குறைவாக இருக்கும்போது தேவையைப்போல இரண்டு மூன்று மடங்குக் காற்று உள்ளே போய்ச் சும்மா சூடாகித் திரும்புகிறது. அடுப்பில் விறகு வைக்காமல் ஊதுகுழலை மட்டும் மாற்றினால் சோறு சீக்கிரம் வேகாது. டீசலின் அளவு மாறாதவரை, கூடுதல் காற்றால் சொல்லிக்கொள்ளும்படியான கூடுதல் பவர் கிடைக்காது.

சரி, அந்தக் காற்றாவது உண்மையிலேயே திணறுகிறதா? ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஆறு லிட்டர் கொள்ளளவுள்ள நான்கு ஸ்ட்ரோக் இன்ஜின் நிமிடத்துக்கு 2,400 சுற்று ஓடினால், இரண்டு சுற்றுக்கு ஒருமுறை சிலிண்டர்கள் நிரம்பும். நிமிடத்துக்கு 7,200 லிட்டர் காற்று. டர்போ பொருத்திய இன்ஜின் என்றால் முழு லோடில் இது 12,000 லிட்டரைத் தாண்டும். இவ்வளவு காற்றும் ஏர் கிளீனர் பெட்டிக்குள் இருக்கும் காகித ஃபில்டர் வழியாகத்தான் போக வேண்டும். கேட்பதற்குப் பெரிய தடையாகத் தோன்றும். ஆனால் அந்தக் காகிதம் மடிப்பு மடிப்பாக வைக்கப்பட்டிருக்கிறது. பிரித்து விரித்தால் பல சதுர மீட்டர் பரப்பு வரும். காற்று அதன் வழியே மிக மெதுவாகத்தான் நுழைகிறது. புது ஃபில்டரும் குழாயும் சேர்ந்து உண்டாக்கும் தடை சுமார் 250 மில்லிமீட்டர் நீர்மட்ட அழுத்தம் என்று வைத்துக்கொள்வோம். வளிமண்டல அழுத்தம் அதே அளவையில் 10,300 மில்லிமீட்டருக்கும் மேல். ஆகவே தடை இரண்டரை சதவீதத்துக்குள். ஃபில்டரை மாற்றியே ஆக வேண்டும் என்று தயாரிப்பாளர்கள் வைக்கும் எல்லைகூட டர்போ டீசல்களில் பொதுவாக 600 மில்லிமீட்டரை ஒட்டித்தான் இருக்கும். அது ஆறு சதவீதம்.

விலை உயர்ந்த ஒரு ஃபில்டர் இந்த இரண்டரை சதவீதத் தடையைப் பாதியாக்கிவிட்டது என்றே ஒப்புக்கொண்டாலும் கிடைக்கும் கூடுதல் காற்று ஒன்றேகால் சதவீதம். 200 குதிரைத்திறன் வண்டியில் அது அப்படியே பவராக மாறினால்கூட இரண்டரைக் குதிரைத்திறன்தான். டீசல் கூடாததால் அதுவும் மாறப்போவதில்லை. பத்துச் சக்கர லாரியில் அனுமதிக்கப்பட்ட மொத்த எடையே 28.5 டன். அந்த எடையில் இந்த வித்தியாசத்தை எந்த ஓட்டுநராலும் காலில் உணர முடியாது.

டர்போ இருக்கும் வண்டியில் இந்தக் கணக்கு இன்னும் சுருங்கிவிடுகிறது. இன்ஜினிலிருந்து வெளியேறும் புகையின் வேகத்தைக் கொண்டே காற்றை அமுக்கி உள்ளே தள்ளும் இந்த ஏற்பாட்டுக்கு சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்ஃபிரெட் பூக்கி 1905-இல் காப்புரிமை பெற்றார். இந்திய லாரிகளில் நெடுங்காலம் டர்போ இல்லாத இன்ஜின்களே ஓடின. புகைக் கட்டுப்பாட்டு விதிகள் படிப்படியாக இறுகிய பிறகு டர்போவும், அமுக்கிச் சூடான காற்றைக் குளிர வைக்கும் இன்டர்கூலரும் லாரிகளில் வழக்கமாகிவிட்டன. 2017 ஏப்ரலில் பிஎஸ் 4, 2020 ஏப்ரல் 1 முதல் பிஎஸ் 6 என்று நாடு முழுவதும் வந்த பின் புதிய லாரியில் இவை இல்லாமல் இருப்பது அரிது. டர்போவில் எவ்வளவு அழுத்தம் வேண்டும் என்பதைக் கட்டுப்படுத்த வால்வோ கணினியோ இருக்கிறது. ஃபில்டரில் சிறு தடை வந்தால் டர்போ சற்று வேகமாகச் சுழன்று அதை ஈடுகட்டுகிறது. தடை குறைந்தால் அதற்கேற்ப வேகம் குறைகிறது. சிலிண்டருக்குள் போய்ச் சேரும் காற்று ஏறத்தாழ அதே அளவுதான்.

குளிர்ந்த காற்றுக் குழாய் பற்றிய வாதத்தில் அடிப்படை உண்மை உண்டு. காற்று குளிர்ந்தால் அடர்த்தி கூடும். பத்து டிகிரிக்குச் சுமார் மூன்று சதவீதம். அதனால்தான் இன்ஜின் பவரைச் சோதனைக்கூடத்தில் அளக்கும்போது 25 டிகிரி வெப்பநிலைக்குச் சரிசெய்து எழுதுகிறார்கள். ஆனால் லாரியைச் சற்றுத் தள்ளி நின்று பார்த்தாலே தெரியும்: பெரும்பாலான வண்டிகளில் கேபினுக்குப் பின்னால் உயரமாக நிமிர்ந்து நிற்கும் கறுப்புக் குழாய்தான் காற்று நுழையும் வாய். இன்ஜின் சூடும் சாலைத் தூசியும் குறைவாக இருக்கும் இடமாகப் பார்த்துத் தொழிற்சாலையிலேயே வைத்தது அது. குளிர்ந்த காற்றுக் குழாய் ஏற்கெனவே வண்டியில் இருக்கிறது. சித்திரை வெயிலில் காஞ்சிபுரத்தில் வெளிக்காற்றே 40 டிகிரி இருக்கும்போது அதைவிடக் குளிர்ந்த காற்றை எந்தக் குழாயாலும் கொண்டுவர முடியாது. டர்போ அந்தக் காற்றை அமுக்கும்போது வெப்பம் 130, 150 டிகிரி வரை ஏறுகிறது. இன்டர்கூலர்தான் அதை இறக்குகிறது. நுழைவாயிலில் மிச்சம் பிடித்த ஐந்து டிகிரியில் பெரும்பங்கு அங்கேயே கரைந்துபோகும்.

சுழல்தகட்டைப் பற்றி உறுதியாகச் சொல்லலாம்: டீசல் இன்ஜினில் அதற்கு வேலை இல்லை. சிலிண்டருக்குள் காற்று சுழன்றால் டீசல் நன்றாகக் கலந்து எரியும் என்பது சரி. அந்தச் சுழற்சியை உண்டாக்கவே சிலிண்டர் ஹெட்டில் காற்று நுழையும் துளையை வளைத்து வார்த்திருக்கிறார்கள். ஏர் கிளீனர் பக்கத்தில் சுழற்றிவிட்ட காற்று டர்போவின் சக்கரத்துக்குள் புகுந்து, இன்டர்கூலரின் குறுகிய குழல்களில் பிரிந்து, மேனிஃபோல்டில் திரும்பி வருவதற்குள் அந்தச் சுழற்சியின் சுவடுகூட மிஞ்சாது. மிஞ்சுவது தகடு உண்டாக்கும் தடை மட்டும். அதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று இருக்கிறது. மெல்லிய தகட்டின் ஓர் இதழ் அதிர்வில் உடைந்து உள்ளே போனால், நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றை ஒட்டிச் சுழலும் டர்போ சக்கரத்தில்தான் நேராக மோதும். சில நூறு ரூபாய்த் தகட்டுக்காக டர்போவையே இழக்க நேரிடும்.

எலெக்ட்ரிக் டர்போ என்று விற்கும் சிறு விசிறிகளின் நிலையும் கணக்கில் தெரிந்துவிடும். நிமிடத்துக்கு 12,000 லிட்டர் காற்றை வளிமண்டலத்தைப்போல இரண்டு மடங்கு அழுத்தத்துக்குக் கொண்டுவர 20 கிலோவாட்டுக்கு மேல் திறன் வேண்டும். 24 வோல்ட் பேட்டரியிலிருந்து அதை எடுக்க 800 ஆம்பியருக்கு மேல் மின்சாரம் தொடர்ந்து பாய வேண்டும். ஸ்டார்ட்டர் மோட்டார் சில நொடிகளுக்கு இழுக்கும் மின்சாரத்துக்கு நிகரானது அது. உள்ளங்கை அளவு விசிறியும் மெல்லிய வயரும் அந்த வேலையைச் செய்ய வழியே இல்லை. இன்ஜின் வேகமாக ஓடும்போது அந்த விசிறியே காற்றை மறிக்கும்.

குவாரி வட்டாரத்துக்கு இதையெல்லாம்விட முக்கியமானது தூசி. கருங்கல் தூசியில் குவார்ட்ஸ் துகள் நிறைய. கடினத்தன்மையை அளக்கும் மோஸ் அளவுகோலில் குவார்ட்ஸ் ஏழாவது படி. சிலிண்டர் ஸ்லீவின் இரும்பைக் கீறிவிடும் கடினம் அது. பிஸ்டன் ரிங்குக்கும் ஸ்லீவுக்கும் இடையில் இருக்கும் ஆயில் படலம் சில மைக்ரான் தடிமன்தான். அந்த இடைவெளிக்குள் நுழையக்கூடிய ஐந்து முதல் இருபது மைக்ரான் வரையிலான துகள்களே அதிகம் கெடுதல் செய்பவை. கண்ணால் தனித்தனியாகப் பார்க்க முடியாத பொடி அது. பெரிய மணலை எந்த ஃபில்டரும் பிடித்துவிடும். இந்தப் பொடியைப் பிடிப்பதில்தான் ஃபில்டருக்கு ஃபில்டர் வித்தியாசம்.

ஏர் ஃபில்டர்களைச் சோதிக்கும் சர்வதேச முறையில் ஒரு கன மீட்டர் காற்றுக்கு ஒரு கிராம் தூசி கலந்து அனுப்புவது உண்டு. முன்னால் போகும் லாரி கிளப்பும் புழுதியில் எதுவும் தெரியாமல் ஓட்டும் நிலைக்கு நெருக்கமானது அது. நிமிடத்துக்கு 12,000 லிட்டர் என்றால் மணிக்கு 720 கன மீட்டர். அதாவது 720 கிராம் தூசி ஃபில்டரில் வந்து மோதும். 99.9 சதவீதம் பிடிக்கும் நல்ல காகித ஃபில்டர் அதில் முக்கால் கிராமுக்கும் குறைவாகவே உள்ளே விடும். 98 சதவீதம் பிடிப்பது 14 கிராமுக்கு மேல் விடும். சதவீதத்தில் பார்த்தால் இரண்டுக்கும் இரண்டு புள்ளிகூட வித்தியாசம் இல்லை. இன்ஜினுக்குள் போகும் தூசியில் இருபது மடங்கு வித்தியாசம். குவாரி வண்டியும் நாள் முழுக்க அந்த அளவுப் புழுதியில் ஓடுவதில்லைதான். ஆனாலும் விகிதம் மாறாது. காற்றை எளிதாக விடும் ஃபில்டர் பெரும்பாலும் துளை பெரிதான ஃபில்டர். துளை பெரிதானால் பொடியும் எளிதாகப் போகும்.

எண்ணெய் தடவிய பருத்தி ஃபில்டரின் சிக்கல் இங்கேதான். கார் பந்தயத்துக்கு அது பொருந்தும். சில மணி நேர ஓட்டம், ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் கழுவி எண்ணெய் தடவ ஆள் உண்டு. கல்தூசியில் இரண்டு ஷிஃப்ட் ஓடும் டிப்பருக்கு அந்தப் பராமரிப்பு நடக்காது. எண்ணெய் குறைவாகத் தடவினால் தூசி நழுவும். அதிகமாகத் தடவினால் அது காற்றோடு போய், காற்றை அளக்கும் சென்சார் உள்ள வண்டியில் சென்சாரின் மேல் படியும். அளவு தப்பாகி வண்டி இழுவை குறையும். பெட்டியைக் கழற்றிவிட்டுத் திறந்தபடி மாட்டும் கூம்பு ஃபில்டரோ இன்ஜின் சூட்டுக் காற்றையும் சக்கரப் புழுதியையும் சேர்த்தே இழுக்கும். பவருக்காக மாட்டிய கருவி பவரைக் குறைத்து இன்ஜின் வேலையையும் சீக்கிரம் கொண்டுவந்துவிடும்.

அளந்து பார்த்தவர்கள் என்ன கண்டார்கள்? அமெரிக்காவின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை, எரிபொருள் மிச்சமாகும் என்று விற்கப்பட்ட நூற்றுக்கும் மேற்பட்ட கருவிகளை மதிப்பிட்டது. பலன் தந்தவை மிகச் சில, அந்தப் பலனும் சிறியது. ‘பாப்புலர் மெக்கானிக்ஸ்’ இதழ் 2005-இல் இரண்டு வகைச் சுழல்தகடுகளை டைனமோமீட்டரில் ஏற்றிச் சோதித்தபோது, இரண்டுமே உச்ச பவரைப் பத்து சதவீதத்துக்கு மேல் குறைத்தன. ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகம் 2009-இல் வெளியிட்ட ஆய்வு இன்னொரு கோணத்தில் முக்கியமானது. அடைபட்ட ஃபில்டரோடு புதிய தலைமுறை பெட்ரோல் கார்களை ஓட்டிப் பார்த்ததில் மைலேஜ் ஏறத்தாழ மாறவில்லை. ஆனால் வேகம் எடுக்கும் திறன் தெளிவாகக் குறைந்தது. அடைப்பை நீக்கிப் புது ஃபில்டர் போட்டபோது வேகமெடுக்கும் நேரம் 6 முதல் 11 சதவீதம் வரை முன்னேறியது.

கருவி மாட்டியதும் ‘வண்டி நல்லா இழுக்குது’ என்று ஓட்டுநர் சொல்வதற்கான காரணம் பெரும்பாலும் இந்த ஆய்வில் இருக்கிறது. புதுக் கருவி மாட்டும்போது பழைய ஃபில்டர் கழற்றப்படுகிறது. அது மாதக்கணக்கில் கிரஷர் தூசி குடித்து அடைபட்டிருக்கும். அதன் இடத்தில் சுத்தமான எதை வைத்தாலும் பிக்கப் திரும்பும். கம்பெனி ஃபில்டர் ஒன்றைப் புதிதாகப் போட்டிருந்தாலும் அதே முன்னேற்றம் கிடைத்திருக்கும். பாராட்டு கருவிக்குப் போய்விடுகிறது. சத்தமும் ஒரு காரணம். ஏர் கிளீனர் பெட்டி காற்று இழுக்கும் ஓசையை அடக்கி வைக்கிறது. பெட்டி போனதும் இன்ஜின் உறுமுவது கேபினுக்குள் கேட்கிறது. உறுமல் கூடினால் பவரும் கூடியதாகக் காது நம்புகிறது. ஒரே சாலையில் இரண்டு நாள் ஓட்டிப் பார்ப்பதும் சோதனை ஆகாது. லோடு ஒரு டன் கூடக் குறைய இருந்தாலே, விடியற்காலைக் குளிர்ச்சியில் ஓட்டினாலே, மேட்டில் ஏறும் வேகம் மாறிவிடும்.

காற்றுப் பாதையை மாற்றிப் பவர் எடுக்கும் இடங்களும் உண்டு. ஸ்ரீபெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தளத்தில் ஓடும் பெட்ரோல் வண்டிகளில் அது நடக்கிறது. டர்போ இல்லாத பெட்ரோல் இன்ஜின் மிக உயர்ந்த சுற்றில் ஓடும்போது வருகிற காற்றுதான் பவரின் எல்லை. ஒன்றிரண்டு சதவீதக் காற்றும் அங்கே வெற்றி தோல்வியை மாற்றும். அதோடு எரிபொருள் அளவையும் கணினியில் திருத்துகிறார்கள். அமெரிக்காவில் ‘ட்ரக்’ என்று சொல்லப்படும் பிக்கப் வண்டிகளில் பெரும்பாலானவையும் பெட்ரோலில் ஓடுபவை. இந்தச் சந்தையின் விளம்பர வாசகங்கள் பல அங்கிருந்து வந்தவை. அவை ஜல்லி ஏற்றும் டீசல் லாரிக்கு எழுதப்பட்டவை அல்ல.

டீசல் லாரியில் பவரைக் கூட்டுவது டீசலைக் கூட்டுவதுதான். பழைய வண்டிகளில் டீசல் பம்பின் செட்டிங்கைத் திருகிக் கூட்டுவார்கள். புதியவற்றில் கணினியை ரீமேப் செய்கிறார்கள். பவர் நிச்சயம் கூடும். கூடவே கரும்புகையும் புகையின் வெப்பமும் கூடும். பிஸ்டன், டர்போ, கிளட்ச், கிரவுன் வீல் எல்லாம் தாங்கும் எல்லையைத் தாண்டும். பிஎஸ் 6 வண்டியில் புகைக்கரியைப் பிடிக்கும் வடிகட்டி வேறு அடைபடும். வாரண்டி போய்விடும். மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த மூல விவரங்களிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் இதை உறுதி செய்தது. அனுமதியில்லாமல் பாகங்களைப் பொருத்தி மாற்றம் செய்யும் உரிமையாளருக்கு மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்க 2019 திருத்தச் சட்டம் வழி செய்கிறது.

வண்டி முன்புபோல இழுக்கவில்லை என்றால் பார்க்க வேண்டியவை வேறு. ஏர் கிளீனர் குழாயில் சிறு கண்ணாடி போன்ற அடைப்புக் காட்டி இருக்கும். அது சிவப்பானால்தான் ஃபில்டரைத் தொட வேண்டும். தினமும் கழற்றித் தட்டுவது நல்ல பராமரிப்பு அல்ல. ஃபில்டரின் மேல் மெல்லிய தூசிப் படலம் படிந்த பிறகுதான் அது பொடியை இன்னும் நன்றாகப் பிடிக்கிறது. அடிக்கடி கழற்றினால் சீல் தளர்ந்து விளிம்பு வழியே தூசி புகும். பங்க்சர் கடைக் கம்ப்ரஸரின் முழு அழுத்தத்தில் காற்றடித்தால் காகிதம் கண்ணுக்குத் தெரியாமல் கிழியும். டயரில் அடித்துத் தட்டினால் மடிப்பு நசுங்கும். காற்றடித்தே ஆக வேண்டுமென்றால் குறைந்த அழுத்தத்தில், உள்ளிருந்து வெளிப்பக்கமாக அடிக்க வேண்டும். உள்ளே இருக்கும் இரண்டாவது சிறு ஃபில்டரைச் சுத்தம் செய்யவே கூடாது. மாற்ற மட்டும் வேண்டும். பெட்டியின் அடியில் தொங்கும் ரப்பர் வால்வு கிழிந்தோ காணாமலோ போயிருந்தால் தூசி அந்த வழியே உள்ளே ஏறும். விலை மிகக் குறைவான அந்த ரப்பரைப் பலர் கவனிப்பதில்லை.

அடுத்துப் பார்க்க வேண்டியது ஃபில்டருக்கும் டர்போவுக்கும் இடையிலான ரப்பர் ஹோஸ். கழற்றி உட்புறத்தை விரலால் தடவினால் சாம்பல் நிறப் பொடி ஒட்டக் கூடாது. ஒட்டினால் கிளிப் தளர்ந்திருக்கிறது, அல்லது ஹோஸில் வெடிப்பு இருக்கிறது. டர்போவுக்கு அப்பால் உள்ள ஹோஸில் ஓட்டை என்றால் அறிகுறி வேறு: மேட்டில் ஏறும்போது ‘உஸ்’ என்ற சத்தம், கரும்புகை, இணைப்பில் ஆயில் கசிவு. இழுவை போனதாக வரும் வண்டிகளில் ஒரு பங்கு இந்த ஹோஸை மாற்றியதும் சரியாகிவிடும். இன்டர்கூலரின் இடுக்குகளில் கல்தூசியும் சேறும் அடைத்திருந்தால் தண்ணீர் அடித்துக் கழுவ வேண்டும். டீசல் ஃபில்டர் அடைப்பு, வால்வு இடைவெளி, இன்ஜெக்டர், இறுகிய பிரேக், காற்றுக் குறைந்த டயர் ஆகியவையும் இழுவையைத் தின்பவை. ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் புகை அடித்துக்கொண்டு வருகிறது, ஆயிலும் குறைகிறது என்றால் தூசி ஏற்கெனவே ரிங்கையும் ஸ்லீவையும் தேய்த்துவிட்டது என்று பொருள். அந்த நிலையில் காற்றுப் பாதையில் எதை மாட்டினாலும் பயன் இல்லை, இன்ஜினைப் பிரித்துத்தான் ஆக வேண்டும்.